டிரான்ஸ்ஃபெரின் உள்ளிழுப்புச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல் தன் மேற்பரப்பு ஏற்பிகளை எண்டோசைட்டோசிஸ் (செல் சவ்வு உள்மடிந்து பொருளை உள்ளே இழுப்பது) வழியாக எவ்வளவு வேகமாக உள்ளே எடுக்கிறது என்று அளக்க, பலரும் முதலில் தொடுவது ஒளிர்சாயம் ஏற்றிய டிரான்ஸ்ஃபெரினைத்தான்; இது இரும்பைச் சுமக்கும் புரதம். புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் இவை.

அமிலத்தில் கழுவியதோடு நிறுத்துவது

ஈ.ஜி.எஃப். (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) சோதனையில் 0.2 மோலார் அசிட்டிக் அமிலமும் 0.5 மோலார் உப்பும் கலந்த கரைசலை பனியில் 5 நிமிடம் விட்டால், வெளியே ஒட்டியிருந்தது உதிர்ந்துவிடும். அதே வழக்கத்தை டிரான்ஸ்ஃபெரினுக்கும் கொண்டுவருகிறார்கள். இங்கே கதை நேரெதிர். அமிலத்தில் இரும்பு மட்டும்தான் கழன்று போகும். இரும்பிழந்த புரதம் ஏற்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். எண்டோசோமுக்குள் (உள்ளே எடுத்தது முதலில் சேரும் அமிலப் பை) நடப்பதும் இதுதான். அதனால்தான் அது ஏற்பியோடு பத்திரமாக மேற்பரப்புக்குத் திரும்புகிறது. பி.எச். 7.4-க்கு வந்த பிறகே பிடி விடும்.

ஆகவே கழுவல் இரண்டு படி. முதலில் 50 மைக்ரோமோலார் டெஃபெராக்சமின் சேர்த்த பி.எச். 5 கரைசல், கழன்ற இரும்பை அது பற்றிக்கொள்ளும். அடுத்து பி.எச். 7.4 உள்ள குளிர்ந்த பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புக்கரைசல்). இரண்டையும் இன்னொரு சுற்று செய்யுங்கள்.

இரண்டாம் படியை விட்டால் செல்லின் விளிம்பில் மெல்லிய ஒளிவளையம் தெரியும். மென்பொருள் அதையும் 'உள்ளே போனது' என்றே எண்ணும். கிளாத்ரினை (உள்ளிழுக்கும் குழியை உருவாக்கும் புரதம்) ஆர்.என்.ஏ. கொண்டு தடுத்த செல்லிலும் ஒளி இருக்கும். தடுப்பே வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி, நல்ல ஆர்.என்.ஏ.வைத் தூக்கி எறிந்து மாதக்கணக்கை வீணாக்குகிறார்கள். பின்னணியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதும் தவறு: உள்ளே போக வழியில்லாத ஏற்பிகள் மேற்பரப்பில் குவிவதால், தடுத்த செல்லில் மிச்சம் இன்னும் கூடுதல்.

உள்ளிழுப்பு நடக்கும் 37 டிகிரியையே காணாமல் பனியிலேயே இருந்த தட்டு ஒன்றை எப்போதும் கூடவே கழுவுங்கள். அது இருட்டாக இல்லையென்றால் அன்றைய எண்கள் எதையும் நம்பாதீர்கள்.

பனி மேல் வைத்தால் குளிர்ந்துவிடும் என்று நம்புவது

குளிர்தான் உள்ளிழுப்பை நிறுத்துகிறது; ஆனால் பனித்துண்டுகளுக்கு இடையில் காற்றுதான் இருக்கிறது. தண்ணீர் கலந்த பனியில் உலோகத் தகடு வைத்து, அதன் மேல் தட்டை வையுங்கள். கரைசல்களும் முன்பே குளிர்ந்திருக்க வேண்டும்.

15 நிமிடம் கழித்து 'வேகம்' அளப்பது

அதற்குள் பாதி திரும்பி வர ஆரம்பித்திருக்கும். அப்போது கிடைப்பது போனதற்கும் வந்ததற்கும் இடையிலான மீதி. 1, 2, 3, 5 நிமிடங்களில் எடுங்கள்.

டைனசோரை சீரத்தோடு கொடுப்பது

டைனசோர் உள்ளிழுப்பைத் தடுக்கும் வேதிப்பொருள். சீரப் புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். சீரம் கூடாது.