வெள்ளத்தில் சிக்கியவர்களை விசாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, பாளையங்கோட்டையில் இருந்து வேளச்சேரிக்கு ஓயாமல் போன் போட்டோம். இரண்டே வாரம். 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுவிட்டது. இப்போது சென்னைத் தோழிகள் எங்களைத் தேடினார்கள். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பெரும்பாலும் எல்லாரும் செய்வது, திரும்பத் திரும்ப அழைப்பது. கரண்ட் போய்விட்டால் செல்போன் டவர் பேட்டரியிலும் டீசலிலும்தான் ஓடும். கிடைக்கிற கொஞ்ச நேர சிக்னலில் எல்லாரும் ஒன்றாக அழைத்தால் யாருக்கும் லைன் போகாது. போதாக்குறைக்கு, சிக்னலைத் தேடித் தேடியே போனில் சார்ஜ் இறங்கிவிடும். அந்த சார்ஜ் படகைக் கூப்பிட வேண்டியது. வாட்ஸ்அப்புக்கு நெட் வேண்டும். சாதாரண எஸ்எம்எஸ்ஸுக்கு லேசான சிக்னலே போதும். "முடிஞ்சப்போ ஒரு வார்த்தை போடுங்க" என்று அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். சொந்தபந்தத்தில் ஒருவர் மட்டும் பேசி மற்றவர்களுக்குச் சொல்லட்டும். ஏரலில் இருந்த என் அத்தையிடமிருந்து ஒன்றரை நாள் கழித்து "மாடில இருக்கோம்" என்று வந்தது. அந்த ஒன்றரை நாள் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், பதில் வரவில்லை என்பதாலேயே கெட்டதை நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது, வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததையெல்லாம் ஃபார்வர்டு செய்வது. உதவி வேண்டுமென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. தெரு, அடையாளம், எத்தனை பேர், கர்ப்பிணியோ இன்சுலின் போடுபவரோ உண்டா என்று சொல்லுங்கள். அவர்களை மீட்டதும் "வந்துட்டாங்க" என்று அதே குரூப்பில் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் ஆளில்லாத வீட்டைத் தேடிப் படகு போகும்.

உடனே கார் எடுத்துக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். சாலை அறுந்த இடத்தில் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

பழந்துணி மூட்டை கட்டாதீர்கள். 2004 சுனாமியின்போது அப்படி வந்த துணிகள் உடுத்த ஆளில்லாமல் குவிந்து கிடந்தன. என்ன வேண்டும் என்று கேளுங்கள்: புது சாரம் (லுங்கி), நைட்டி, உள்ளாடை, நாப்கின், பாய். தண்ணீர் வடிந்த பிறகு பிளீச்சிங் பவுடரும் விளக்குமாறும்.

"உசுரு பிழைச்சதே பெருசு" என்று அவர்கள் சொல்லலாம், நாம் சொல்லக்கூடாது. சேறு பிடித்த ரேஷன் கார்டைக் கையில் வைத்திருப்பவருக்கு அது ஆறுதலே இல்லை.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு ஒரு வாரத்தில் மறந்துபோவதுதான். டிவியில் செய்தி நின்ற பிறகுதான் நனைந்த மோட்டாரும் அழுகிய வாழையும் கணக்குக்கு வரும். பொங்கலுக்கு முந்தின வாரம் என் சென்னைத் தோழி ஒருத்தி அத்தையைக் கூப்பிட்டு, "கிரைண்டர் ஓடுதா அத்தை?" என்று கேட்டாள். அத்தை இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.