புது கிரீமா? முதலில் முழங்கை மடிப்பு

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து வியர்வையில் முகம் சிவந்தால், காரணம் வெக்கையா கிரீமா என்று பிரிப்பது கஷ்டம். அதனால் சோதனையைக் கையில் செய்யுங்கள். ஒருமுறை தடவிப் பார்ப்பது போதாது. ஒவ்வாமை பல நேரம் 2, 3 நாள் கழித்தே தலைகாட்டும்.

முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்கு, காலையும் இரவும், அதே இடத்தில் 7 முதல் 10 நாள் தடவுங்கள். அரித்தாலோ பொரிபொரியாக எழும்பினாலோ கழுவி நிறுத்துங்கள். ஃபேஸ்வாஷ், ஷாம்பு என்றால் வழக்கமான நேரம் மட்டும் வைத்துக் கழுவுங்கள். ஊறவிட்டால் நல்ல பொருளும் எரிக்கும்.

ஒரே வாரத்தில் இரண்டு புதுப் பொருள் வேண்டாம். பரு வந்தால் எதைக் குற்றம் சொல்வது? ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பொருள்) என்றால் பட்டாணி அளவு, வாரம் 2 இரவு, பகலில் சன்ஸ்கிரீன். கர்ப்பிணிகள் தொட வேண்டாம்.

ஹேர் டையை 48 மணி நேரம் முன்பே, பெட்டியில் சொன்னபடி சோதியுங்கள். "போன மாசமும் இதுதானே போட்டேன்" என்பது செல்லாது: டையில் நிறம் தரும் பிபிடி என்ற ரசாயனத்துக்கு ஒவ்வாமை பல தடவை போட்ட பிறகும் வரும். 'கருப்பு மருதாணி'யிலும் பிபிடி கலந்திருக்கலாம்.

லேபிள் இல்லாத வெள்ளையாக்கும் கிரீமுக்கு இந்தச் சோதனை உதவாது. அதில் பாதரசம் இருந்தால், தோலில் ஒன்றும் காட்டாமலே சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். 2023-இல் கேரளத்தின் மலப்புறத்தில் அப்படிப்பட்ட நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.