வத்தின குளத்துப் பாசி புது இனமா எண்டு பாக்கிறது எப்பிடி

ஆவணிக்குள்ள எங்கட பக்கத்துச் சின்னக் குளங்கள் வத்தி அலைகரை வெடிச்சுக் கிடக்கும், அதில ஒரு கட்டியை எடுத்துப் பாத்தா மேல மெல்லிசா ஒரு காஞ்ச படை, சில இடம் பச்சை, சில இடம் செங்கல் நிறம். அதுக்குள்ள உயிர் இருக்கு. பாலைவனத்தில மழை பேஞ்சு பாறைக்குழியில கொஞ்ச நாள் நிக்கிற தண்ணியில வாழுற பச்சைப்பாசியளும் இப்பிடித்தான் காயிறதும் முழிக்கிறதுமா இருக்கிறது, அதால அங்க புது இனம் விவரிக்கிறவை செய்யிற முறை வன்னிக்கும் பொருந்தும்.

எடுக்கேக்க இடம், திகதி, தண்ணியின்ர வெப்பநிலை, பிஎச் எல்லாம் அங்கயே எழுதுங்கோ, வீட்டை வந்து எழுதினா மறந்துபோம். காஞ்ச மண்ணைக் கடதாசி உறையில போடுங்கோ, பொலித்தீனில போட்டா பூஞ்சணம் பிடிக்கும். சரணாலயத்துக்குள்ள இருக்கிற குளமெண்டா முதல் அனுமதி.

பிறகு ஒரேயொரு கலத்தைப் பிரிச்சு போல்ட் பேசல் மீடியம் (பாசி வளக்கிற ஊட்டக்கரைசல்) மாதிரி ஒண்டில வளருங்கோ. கலவையில எடுத்த டிஎன்ஏ எந்தப் பாசியின்ர எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது.

அவசரப்படாமப் பாக்கவேண்டிய கட்டம் இதுக்குப் பிறகுதான். நான் முதல்தரம் ஒரு கல்லுக்குழித் தண்ணியில சிவப்பு உருண்டை ஒண்டையும் ரண்டு சவுக்குமுளையோட நீந்துற பச்சைக் கலம் ஒண்டையும் கண்டு, ரண்டும் ரண்டு இனம் எண்டு கொப்பியில எழுதிப்போட்டன். பிறகு சிவப்பைத் தனிய எடுத்து புது மீடியம் விட்டு யன்னலடியில வைச்சன், ரண்டாம் நாள் விடிய நுணுக்குக்காட்டியில பாத்தா கோது வெடிச்சு உள்ளுக்கிருந்து ஒண்டுக்குப் பின்னால ஒண்டா கலங்கள் வெளிய வருது, ஓரம் பச்சை, நடுவில இன்னும் சிவப்பு. ரண்டும் ஒரே பாசிதான், ஹீமட்டோகொக்கஸ். தண்ணி வத்தேக்க அஸ்டசாந்தின் எண்ட நிறப்பொருளைச் சேத்துக்கொண்டு தடிச்ச கோதுக்குள்ள படுத்திடும். வத்துற தண்ணியில ஒரே உயிருக்கு இத்தனை கோலம், அதால இளம் கல்ச்சர் (மீடியத்தில வளத்தெடுத்த பாசி), பழம் கல்ச்சர், காயவிட்டது, திருப்பி நனைச்சது எல்லாத்தையும் பாத்து முடிக்காம புதுசு எண்டு சொல்லாதேங்கோ.

ஒவ்வொரு நிலையிலயும் ஒரு 50 கலத்தையாவது அளவுங்கோ, பச்சையவுருமணியின்ர வடிவத்தைக் கையால கீறுங்கோ, கமரா தவறவிடுறதைக் கை பிடிக்கும். ஒரு துளி அயடீன் விட்டா பைரினொயிட்டை (பச்சையவுருமணிக்குள்ள இருக்கிற புரத உருண்டை) சுத்தின மாப்பொருள் கறுத்துத் தெரியும்.

தோற்றம் மட்டும் காணாது. 2004இல வட அமெரிக்க மேற்குப் பாலைவன மண்ணில செனடெஸ்மஸ் எண்ட பச்சைப்பாசியின்ர, தோற்றத்தில ஒண்டாத் தெரிஞ்சு மறைஞ்சு கிடந்த இனங்களைப் பிரிச்சுக் காட்டினது டிஎன்ஏதான். 18எஸ் எண்ட டிஎன்ஏ பகுதி சாதி (ஜீனஸ்) மட்டத்துக்கு உதவும், கிட்டடி இனங்களைப் பிரிக்க ஐடிஎஸ்-2, ஆர்பிசிஎல் மாதிரி வேகமா மாறுற பகுதியளும் வேணும்.

பேர் வைக்கேக்க அல்கீபேஸ் எண்ட பாசிப் பேர்த் தரவுத்தளத்தில அந்தப் பேர் ஏற்கெனவே இருக்கோ எண்டு தேடுங்கோ, இடத்துப் பேர் வைக்க விருப்பமெண்டா வன்னியென்சிஸ் மாதிரி வரும். 2012 தொடக்கம் விவரணம் லத்தீனிலயோ இங்கிலிசிலயோ எழுதலாம், அதுக்கு முதல் 1958இல இருந்து லத்தீன் கட்டாயம். வித்தியாசத்தைக் காட்டுற படம் கட்டாயம் வேணும். உயிரோட வளருற கல்ச்சரை மூலமாதிரியா (அந்தப் பேருக்கு ஆதாரமா வைக்கிற மாதிரி) வைக்கேலாது, உறைகுளிரில செயல் நிப்பாட்டினதோ பதப்படுத்தினதோ ஒரு சேகரத்தில இருக்கோணும், அது எங்க இருக்கெண்டு கட்டுரையிலயும் எழுதோணும். பேஸ்புக்கில போட்ட பேர் செல்லாது.

மிச்ச மண்ணை எறியாதேங்கோ. கல்ச்சர் பழுதாப்போனாலும் அந்த உறைக்குள்ள இருக்கிறதை நனைச்சுத் திருப்பி எழுப்பிப் பாக்கலாம்.