‘டார்க் ஸ்டார்’ கேட்க ஒரு வழி

அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் ‘டார்க் ஸ்டார்’ பாடலைப் புதிதாகக் கேட்பவர்கள், 1968இல் தனி இசைத்தட்டாக வந்த வடிவத்திலிருந்து தொடங்குங்கள். மூன்று நிமிடம்கூட இல்லை. மெட்டு மனத்தில் பதிந்துவிடும்.

பிறகு 1969 பிப்ரவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் பதிவானதைக் கேளுங்கள். ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் இருக்கிறது, 23 நிமிடம். ஹெட்ஃபோன் அவசியம், கைபேசி ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் காணாமலே போய்விடும். பாட்டு வரி தொடங்கவே சில நிமிடங்கள் ஆகும், பொறுமையிழந்து தள்ளிவிடாதீர்கள். அந்த நேரத்தில் ஃபில் லெஷின் பேஸை மட்டும் பின்தொடருங்கள். ஜெர்ரி கார்சியாவின் கிட்டாரோடு அது சரிக்குச் சரி பேசிக்கொண்டே போகும். அந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த உரையாடல்தான். கார்சியாவை அடுத்த முறை கவனிக்கலாம்.