றிம்மில் தார் ஒட்டினால் தின்னர் போத்தலைத் தூக்காதீர்கள்

புதிதாகத் தார் போட்ட வீதியால் ஒருக்கால் போய்வந்தாலே காரின் அலோய் றிம் (அலுமினியக் கலவையில் செய்த றிம்) முழுக்கக் கறுப்புத் தார்ப் புள்ளிகள். சவர்க்காரத்துக்கு அது அசையாது, கரைக்க எண்ணெய் வகைதான் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த எண்ணெய், எப்படி என்பதில்தான் புதிதாகக் கார் வாங்குகிற பிள்ளைகள் அதே பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

சுடச்சுடத் துடைப்பது

வேண்டாம். நிழலில் விட்டு, றிம் ஆறின பிறகு தொடுங்கள்.

தின்னர்

கேட்டால், "டக்கெண்டு போகும் அண்ணை" என்பார்கள். போகும்தான், ஆனால் தார் மட்டும் போகாது. தின்னர் பெயின்றைக் கரைக்கவென்றே உள்ள சாமான். றிம்முக்கு மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் தலைமயிரை விட மெல்லியது, அதுதான் அலுமினியத்துக்கு முக்கியமான காவல். அதிலும் இங்கே யாழ்ப்பாணத்தில் ஓடுகிற கார்களில் பல ஜப்பானில் பாவித்து வந்தவை. இடைக்காலத்தில் யாரும் றிம்முக்கு ஸ்ப்ரே பெயின்ற் அடித்தார்களா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது. அடித்திருந்தால் தின்னர் பட்ட கையோடு துணியில் வெள்ளி நிறம் இறங்கும்.

சுன்னாகத் தம்பி ஒருவர் முகப்பை மெஷினில் சீவிப் பளபளப்பாக்கிய றிம்மைத் தின்னரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போட்டுத் துடைத்திருந்தார். அன்றைக்குப் பளிச்சென்று இருந்ததாம். சில மாதம் போக, கம்பிகளின் விளிம்பில் புழு ஊர்ந்த தடம்போல் வெள்ளைக் கோடுகள். கிளியர் கோட் விட்ட இடத்தால் ஈரமும் நம்முடைய உப்புக் காற்றும் உள்ளே போய் அலுமினியத்தை அரித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே பெயின்ற் பூசி மறைக்க முடியாது, திரும்பவும் மெஷினில் போட்டு உலோகத்தைச் சீவிப் புதிதாகக் கோட் அடிக்க வேண்டும். அப்படிச் சீவுவதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. அஞ்சாறு தார்ப் புள்ளிக்காக ஒரு நல்ல றிம்மைப் பழுதாக்குவதைப் பார்க்க இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் அரைமணி நேரம் பொறுத்திருந்தால் மண்ணெண்ணெயே போதும்.

முதலில் மண்ணும் பிறேக் தூசியும் போகக் கழுவுங்கள். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த பருத்தித் துணியைப் புள்ளியின் மேல் ஒட்டவைத்து விடுங்கள். கொஞ்ச நேரத்தில் கறுப்பு மண்ணிறமாகிக் கசியும். அப்போது அழுத்தாமல் ஒற்றி எடுத்து, ஒவ்வொரு தடவையும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். தாருக்குள் மணல் இருக்கும், அழுத்தி இழுத்தால் அதுவே கீறிவிடும். போகாவிட்டால் இன்னொருக்கால். எதைப் பூசுவதென்றாலும் றிம்மின் உள்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

பிளேட், கம்பி நார்

தொடவே தொடாதீர்கள்.

மண்ணெண்ணெயை ஊற்றுவது

துணியில்தான் நனைக்க வேண்டும். ஊற்றினால் பிறேக் டிஸ்க்கிலும் அதை அழுத்திப் பிடிக்கிற பிறேக் பாட்களிலும் இறங்கும், எண்ணெய் குடித்த பாட் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. றிம்மின் உள்பக்கத்தில் பலன்ஸுக்கு ஒட்டியிருக்கும் சின்ன எடைத் துண்டுகளின் பசையும் இளகும். ஒன்று கழன்று விழுந்தால் ஏ9 வீதியில் வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும், காரணம் தெரியாமல் கராஜுக்கு அலைவீர்கள்.

தண்ணி காயும்வரை விடுவது

எண்ணெய்ப் பசை போக ஷாம்பு போட்டுக் கழுவியதும் உடனே துடையுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம், றிம்மில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி பிடிக்கும், அதை எடுக்க அடுத்ததாக யாராவது அசிட் வாங்கச் சொல்வார்கள்.