ஒட்டுக்கன்று வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

வீட்டுத் தோட்டத்தில் புதிதாக மா, பலா, சப்போட்டா, எலுமிச்சை வைப்பவர்கள் படம் எடுத்து அனுப்பி, "இது ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். படத்தைப் பார்த்ததுமே பதில் தெரிந்துவிடும். எங்களைப் போன்றவர்கள் ஆரம்பத்தில் செய்த அதே வேலைதான், ஆள்தான் வேறு. தண்ணீர் தேங்கக் கூடாது, நல்ல வெயில் வேண்டும், சுவரை ஒட்டிப் பலா வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒட்டுதான் என்று நினைப்பது

விதைபோட்டு வளர்த்தால் தாய்மரத்துப் பழம் வராது என்பது பாதி உண்மை. மாவில் இரண்டு வகை உண்டு. கொட்டைக்கு ஒரு முளை விடும் ரகங்களில் அந்த முளை மகரந்தச் சேர்க்கையில் பிறந்தது. அதன் பழம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளை வரும் ரகங்களில் பெரும்பாலான முளைகள் தாயின் திசுவிலிருந்தே உருவானவை, தாயைப் போலவே காய்க்கும். எலுமிச்சை, ஆரஞ்சு இனங்கள் பலவற்றிலும் இப்படித்தான். மங்குஸ்தான் விதை மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் உருவாவது, அதனால் ரகம் மாறிவிடுமோ என்று பயந்து ஒட்டுக் கட்டத் தேவையில்லை. பப்பாளிக்கு விதை போதும்.

கொய்யாவுக்கும் லிச்சிக்கும் விண்பதியம் சுலபம், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே பட்டையை நீக்கி, ஈரப்பாசி கட்டி வேர்விட வைப்பது. பதியத்தில் வந்த கன்று நுனி முதல் வேர் வரை ஒரே மரம். ஆணிவேர் இருக்காது, ஆகவே முதல் சில ஆண்டுகள் காற்றுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் கீழே நான் புலம்பப்போகும் பிரச்சினை அதற்குக் கிடையாது.

அவகேடோ, பலா, ரம்புத்தான் ஆகியவற்றுக்கு ஒட்டுதான் சரி. ரம்புத்தான் விதைக்கன்றுகளில் ஆண் மரங்களும் வரும். வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அது தெரியவரும்.

ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை வளர விடுவது

இதுதான் எனக்கு இன்னமும் எரிச்சலைக் கிளப்புவது. மற்ற தவறுகளில் ஒரு கன்று போகும், அடுத்த பருவத்தில் வேறு வைத்துக்கொள்ளலாம். இதில் ஐந்தாறு வருடம் போய்விடுகிறது, போவது தெரியாமலே போகிறது.

ஒட்டுக்கன்று என்று நாம் வாங்குவது இரண்டு செடிகள். கீழே வேரோடு இருப்பது வேர்ச்செடி, பெரும்பாலும் ஏதோ ஒரு விதையில் முளைத்தது. மேலே இருப்பது நாம் ஆசைப்பட்ட ரகத்தின் குச்சி. இரண்டும் சேர்ந்த இடத்துக்குக் கீழே எந்தத் துளிர் வந்தாலும் அது வேர்ச்செடியின் கிளை. அதில் காய்ப்பது வேர்ச்செடியின் பழம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் நல்ல ரக மாவொட்டு ஒன்றைத் தேடி வாங்கி நட்டார். முதல் கோடையில் நுனி கருகிவிட்டது. போச்சு என்று விட்டிருந்த நேரத்தில் அடியிலிருந்து துளிர்த்தது. உடனே ஃபோன்: "அண்ணே, செடி பிழைச்சிருச்சு!"

"ஒட்டுக்கு மேலயா, கீழயா?"

"அடியிலதான். நல்லா தடிமனா வருதுண்ணே."

அதைக் கிள்ளிவிட்டு, ஒட்டுக்கு மேலே பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பச்சை இருக்கிறதா பாருங்கள் என்றேன். "உயிரோட வர்றதை எப்படிண்ணே கிள்றது?" என்றார். கிள்ளவில்லை. மரம் ஜோராக வளர்ந்தது, வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தார். கடைசியில் காய்த்தபோது சின்னச் சின்னக் காய், நாரும் புளிப்பும். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாராம். நர்சரிக்காரர் சரியான கன்றைத்தான் கொடுத்திருந்தார். அது அந்த முதல் கோடையிலேயே செத்துவிட்டது.

இப்படி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. உயிரோடு இருக்கும் நுனிமொட்டிலிருந்து ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். அது இறங்கும் வரை கீழ்மொட்டுகள் அடங்கியிருக்கும். நுனி கருகினாலோ, ஆடு கடித்தாலோ, நாமே கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தாலோ அந்தத் தடை நீங்கி, கீழே தூங்கிக்கொண்டிருந்த மொட்டெல்லாம் எழும். வேர்ச்செடி இளங்கன்று, பூக்கும் வயதே வராதது, நேராக மேலே பாயும். மேலே கட்டிய குச்சியோ காய்த்துப் பழகிய மரத்தின் கிளை, சாவகாசமாகத்தான் வளரும். வேருக்குப் பக்கத்தில் இருப்பதும் வேர்ச்செடியின் துளிர்தான். இரண்டையும் ஒன்றாக விட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்லவே வேண்டாம். கீழ்த்துளிர் நிழல் கட்டி, மேலே இருப்பது மெலிந்து, ஒருநாள் காய்ந்து விழுந்துவிடும். செடி பச்சையாகவே இருப்பதால் வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே கன்று நட்டதும், வெயிலில் வாடியதும், கவாத்து முடிந்ததும் அடித்தண்டைக் கட்டாயம் பாருங்கள். வந்திருக்கும் துளிர் பிஞ்சாக இருக்கும்போதே கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பிய்த்துவிட வேண்டும். கத்தரியால் நறுக்கினால் அடிக்கட்டை நிற்கும், அந்தக் கட்டையில் உறங்கும் மொட்டுகளிலிருந்து ஒன்றுக்கு மூன்றாக வரும். பிய்க்கும்போது அடியோடு வந்துவிடுகிறது.

எது வேர்ச்செடியின் துளிர் என்று இலையைப் பார்த்தே சொல்லக்கூடிய மரங்கள் உண்டு. சப்போட்டாவைப் பாலை மரத்தின் மேல்தான் நிறைய பேர் கட்டுவார்கள். பாலையின் இலை நுனி மழுங்கி, சில நேரம் நடுவில் சிறு குழிவோடு இருக்கும், சப்போட்டா இலைக்கு நுனி கூர். ஆரஞ்சு இனங்களில் மூவிலை ஆரஞ்சின் மேல் கட்டியிருந்தால், துளிரில் இலை மூன்று மூன்றாகப் பிரிந்திருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். மாவில்தான் தொல்லை, கீழேயும் மா, மேலேயும் மா. சில ஆண்டுகளில் தண்டு பருத்து ஒட்டின் வடுவும் மங்கிவிடும். நான் சொல்வது ஒன்றுதான்: கன்றை வாங்கிய அன்றே, ஒட்டுச் சேர்ந்த இடத்துக்குச் சற்று மேலே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே இலையே இருக்கக் கூடாது என்று வீட்டில் தண்ணீர் ஊற்றுபவரிடமும் சொல்லிவையுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒட்டுக் கட்டிய முதல் சில வாரங்கள், வேர்ச்செடியில் இருக்கும் நாலைந்து முற்றிய இலைகளை விட்டுவைப்பது நல்லது. புது ஒட்டு பிடிக்கும் வரை வேருக்கு உணவு அனுப்புவது அவைதான். இதைக் கேட்டுவிட்டுத் துளிரையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். இலை வேறு, துளிர் வேறு. குச்சி தழைத்து இலை முற்றியதும் அந்தப் பழைய இலைகளையும் எடுத்துவிடலாம்.

சரி, நடந்தது நடந்துவிட்டது, கீழ்த்துளிர் கிளையாகவே ஆகிவிட்டது. மேலே ஒட்டுக்குச்சி உயிரோடு இருந்தால், கிளையை ஒரேயடியாக வெட்டாமல் முதலில் பாதியாகக் குறைத்து, மேலே புதுத் தழை வந்ததும் மீதியை அடியோடு எடுங்கள். மேலே இருப்பது செத்திருந்தால் மரத்தைப் பிடுங்க வேண்டாம். வேர் நன்றாக இறங்கிய வேர்ச்செடி கையில் இருக்கிறது. ஒரு தண்டை மட்டும் வைத்துக்கொண்டு, இளந்தண்டு வந்ததும் நல்ல ரகக் குச்சியை மறுபடி கட்டிவிடலாம். புதுக் கன்று வாங்கி நடுவதைவிட இது சீக்கிரம் காய்க்கும்.

ஒட்டை மண்ணுக்குள் புதைப்பது

முந்தைய தவறின் தம்பி இது. ஒட்டு மண்ணுக்குள் போய்விட்டால் வருகிற துளிர் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ஆரஞ்சு, எலுமிச்சை இனங்களில் அடித்தண்டு அழுகலும் சேர்ந்துகொள்ளும். அழுகலைத் தாங்கும் என்றுதான் அந்த வேர்ச்செடியையே தேர்ந்தெடுக்கிறார்கள், மேலே இருக்கும் ரகத்தை மண்ணில் புதைத்தால் அந்தத் தேர்வுக்கு அர்த்தமே இல்லை. ஒட்டு மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது இருக்கட்டும். நடும்போது சரியாக வைத்தாலும், தொழுவுரம் போட்ட குழி மழையில் கன்றோடு சேர்ந்து இறங்கும். மேலே மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தாமல் கன்றைத் தூக்கி நடுங்கள். மண்ணின் மேல் பரப்பும் சருகு, வைக்கோல் மூடாக்கையும் தண்டில் முட்டாமல் நகர்த்திப் போடுங்கள்.

கையில் கிடைத்த குச்சியைக் கட்டுவது

மாவுக்கு மூன்று நான்கு மாத வயதான, பென்சில் தடிமன் நுனிக்குச்சி வேண்டும். வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, மரத்தில் இருக்கும்போதே, காம்பை விட்டுவிட்டு இலைப்பகுதியை மட்டும் நறுக்கிவிட வேண்டும். காம்புகள் தாமாக உதிரும், மொட்டு உப்பி நிற்கும். அப்போது வெட்டிக் கட்டினால் பிடிக்கும். விருந்துக்குப் போன வீட்டில் நல்ல மாம்பழம் சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கே ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்களை எனக்குத் தெரியும். வீடு வந்து சேர்வதற்குள் இலைகள் குச்சியில் இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சியிருக்கும். முன்கூட்டித் தயார் செய்ய வழியில்லை என்றால், வெட்டிய நொடியே இலைகளை நறுக்கிவிட்டு ஈரத்துணியில் சுற்றுங்கள்.

குச்சி மெல்லியதாகவும் வேர்ச்செடி தடிமனாகவும் இருந்தால் நடுவில் வைக்காதீர்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் காம்பியம் என்ற மெல்லிய படலம்தான் ஒன்றோடொன்று சேர்வது. ஒரு பக்கமாவது அது நேருக்கு நேர் படும்படி ஓரமாக நகர்த்தி வையுங்கள்.

மழுங்கிய கத்தி

அன்றைக்குக் கட்ட வேண்டாம்.

வெயிலில் பாலித்தீன் உறை

ஒட்டுக்கு மேலே போடும் உறை ஈரம் காக்க. நேர்வெயிலில் வைத்தால் உள்ளே குச்சி வெந்துவிடும். நிழலில் வையுங்கள். துளிர் வந்ததும் உறையை எடுங்கள், அதற்கு முன் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

நாடாவை மறந்துவிடுவது

ஒட்டைச் சுற்றிக் கட்டும் பாலித்தீன் நாடா தானாக அறுந்து விழாது. தண்டு பருக்கப் பருக்கப் பட்டைக்குள் பதிந்து கழுத்தை நெரிக்கும், பிறகு ஒரு காற்றுக்கு அங்கேயே ஒடியும். புதுத் தழை முற்றியதும் பின்பக்கமாக ஒரு கீறல் போட்டால் போதும். கடையில் வாங்கிய கன்றிலும் நாடா இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

முதல் பூ

கிள்ளிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அப்படியே.

பூக்கும் பருவத்துக்கு முன் மாவுக்குத் தண்ணீரும் தழைச்சத்தும்

இலைதான் வரும்.

ஒரே மரத்தில் ஆறு ரகம்

ஆசை யாரை விட்டது? கட்டலாம், எல்லாம் பிடிக்கவும் செய்யும். இதில் தவறுவது அதற்கு அடுத்த வருடங்களில்தான். எல்லா ரகமும் ஒரே வேகத்தில் வளராது, வேகமான ரகம் இரண்டு மூன்று பருவத்தில் மற்றவற்றை மூடிவிடும். மெதுவாக வளரும் ரகத்தை உச்சியில் வெயில் படும் கிளையில் கட்டுங்கள். வேகமானதைக் கீழே பக்கக் கிளையில் வைத்து, அறுவடை முடிந்ததும் வருடா வருடம் அதை மட்டும் குறுக்கிக்கொண்டே வாருங்கள். அப்புறம், பெயர் எழுதிய தகட்டைக் கம்பியால் இறுக்கிக் கட்டாதீர்கள், அதுவும் நாடா செய்கிற வேலையைத்தான் செய்யும்.