கொட்ட வேண்டிய தண்ணீரை ரசமாக வைக்காதீர்கள்

அப்பத்தாவுக்குச் சிறுநீரகம் பழுது என்று டாக்டர் சொன்ன மறுநாளே எங்கள் காரைக்குடி வீட்டில் கறியும் கருவாடும் நின்றுபோயின. காய்கறிதானே, ஒன்றும் செய்யாது என்று நம்பி தினமும் முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுத்தேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. கீரை வேகும்போது அதிலுள்ள பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடும். நான் அந்தத் தண்ணீரைத்தான் டம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

சைவச் சாப்பாடு சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நல்லதுதான். ரத்தத்தில் அமிலம் சேர்வதைக் குறைக்கும், மலச்சிக்கலைத் தடுக்கும். பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸ் (இதையும் பழுதான சிறுநீரகம் சரியாக வெளியேற்றாது), கறியில் உள்ளதைவிடக் குறைவாகவே உடம்பில் சேரும். தவறெல்லாம் சமைக்கிற விதத்தில்தான் நடக்கிறது.

நம் ஊர்ச் சமையலில் வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவது பாவம் மாதிரி. பருப்புத் தண்ணீர் ரசத்துக்குப் போகும். மண்டி என்கிற செட்டிநாட்டுக் குழம்பு வைத்தால் காய், மொச்சை, புளி எல்லாம் அரிசி கழுவிய தண்ணீரிலேயே கொதித்து வற்றும். பொட்டாசியம் வெளியேற வழியே இல்லை. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், காயைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடித்துக் கொட்டிவிட்டு, அப்புறம் தாளியுங்கள். உருளைக்கிழங்கை இப்படிச் செய்தால் கிட்டத்தட்ட பாதி பொட்டாசியம் போய்விடும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். வெறுமனே ஊறவைப்பதில் பெரிதாக ஒன்றும் குறையாது, கொதிக்க வேண்டும். குக்கரில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு அதையும் சேர்த்தே கடைந்தால் பலனில்லை. சுரைக்காய், புடலங்காய், கோவைக்காய், முட்டைக்கோஸ் என்றால் இவ்வளவு பாடு வேண்டியதில்லை.

இன்னொரு பெரிய குழப்பம் வாழைத்தண்டுச் சாறு. 'கிட்னிக்கு நல்லது' என்று சொல்லி, பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கொடுப்பார்கள். அது சிறுநீரகக் கல்லுக்கு வழிவழியாகச் சொல்லும் வைத்தியம். கல் வேறு, சிறுநீரகம் செயலிழப்பது வேறு. சாறாகக் குடித்தால் பொட்டாசியம்தான் சேரும். இளநீரும் அப்படித்தான், 100 மில்லியில் ஏறக்குறைய 250 மில்லிகிராம். நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்வதும் கல் உள்ளவர்களுக்கு உள்ள யோசனை. சிறுநீர் குறைந்துவிட்டவர்களுக்கு அது மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும்.

உப்பு விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். கடையில் 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பொட்டாசியம் கூடியிருப்பவருக்கு அது ஆபத்து. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதனால் அளவில்லாமல் போட முடியாது. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டுத் தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், சுண்டைக்காய் வத்தல், அப்பளம் வைத்தால் என்ன பிரயோஜனம்? அப்பளக்காரத்திலும் சோடியம்தான் இருக்கிறது.

உப்பு குறைந்தால் சப்பென்று இருக்குமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் செட்டிநாட்டில் நமக்கு மிளகு, சீரகம், சோம்பு, பட்டை, கல்பாசி இருக்கின்றன. கொஞ்சம் வறுத்துப் பொடித்து இறக்கும்போது தூவினால் அப்பத்தா உப்பு கேட்பதில்லை. தக்காளியும் புளியும் பொட்டாசியம் உள்ளவை, அவற்றைக் குறைத்து கடைசியில் சில சொட்டு எலுமிச்சை பிழிகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் டயட் சீட்டை வாங்கி அப்படியே பின்பற்றாதீர்கள். பொட்டாசியம் சரியாக இருப்பவருக்குக் காயை இப்படி வடித்துக் கொட்டும் அவசியமே இல்லாமல் இருக்கலாம்.

பயத்தில் பருப்பையே நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடை என்றால் 48 கிராம். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் அதே ஆளுக்கு 60 முதல் 72 கிராம் வேண்டும், ஏனென்றால் டயாலிசிஸிலேயே கொஞ்சம் புரதம் வெளியேறிவிடுகிறது. பழைய சீட்டை வைத்துக்கொண்டு அரைப் பட்டினி போட்டால் கை கால் மெலிந்துபோகும். டயாலிசிஸ் தொடங்கும் வாரத்திலேயே உணவியல் நிபுணரிடம் புதுச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.